வலக்கண்ணில் இறங்கிய கறுப்பு நூல்

அன்புள்ள முருகேசனுக்கு,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அன்று. வலக்கண்ணை மறைத்த இரத்தம் இப்போதுதான் மெல்லக் கரைந்து வருகிறது. வீட்டில் மற்ற அனைவரும் நலம்.

ஆவணியில் ஒரு காலை நாளிதழைப் பிரித்தபோது, அந்தக் கண்ணுக்குள் கறுப்பு நூல் ஒன்று மேலிருந்து இறங்கி, தண்ணீரில் சிந்திய மசியாகப் பரவியது. வலியே இல்லை. மாலைக்குள் எதிரிலிருப்பவர் முகம் தெரியவில்லை.

சொட்டு மருந்து விட்டுப் பார்த்த மருத்துவர் பொறுமையாக விளக்கினார். பதினாறு ஆண்டுச் சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களை அடைத்துவிட்டதால், உயிர்வளி கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் புரதம் ஒன்றைச் சுரக்கிறதாம். புதுக் குழாய் வந்தால் நல்லதுதானே என்று கேட்டேன். அவை முறையான குழாய்கள் அல்ல, முருகேசா. நலிந்த சுவரோடு விழித்திரையின்மேல் படர்ந்து, கண்ணின் நடுவிலுள்ள கூழுக்குள் நீண்டு, ஒரு நாள் உடைந்து கசிகின்றன. அவற்றோடு வளரும் தழும்பு இழைகள் சுருங்கினால் விழித்திரையே பிய்ந்து வந்துவிடும்.

பசித்த விழித்திரை ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று 1948-லேயே ஐசக் மைக்கேல்சன் என்ற கண் மருத்துவர் ஊகித்திருந்தார் என்றும், அந்தப் புரதம் 1989-இல்தான் பிரித்தெடுக்கப்பட்டது என்றும் மகள் படித்துச் சொன்னாள். அதைத் தடுக்கும் மருந்தைத்தான் எனக்குக் கண்ணுக்குள் ஊசியாகச் செலுத்தினார்கள். முதலில் குடல் புற்றுநோய்க்காக வந்த மருந்தாம் அது. பிறகு லேசரால் விழித்திரையின் ஓரங்களைச் சுட்டார்கள். உயிர்வளி கேட்கும் பகுதி குறைந்தால் சுரப்பும் குறையும், நடுப்பார்வை பிழைக்கும். இருட்டில் சற்றுத் தடுமாறுகிறேன், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்னை உறங்கவிடாதது வேறொன்று. எந்தத் தொந்தரவும் தராத என் இடக்கண்ணிலும் அதே குழாய்கள் முளைத்திருந்தன. ஆனி மாதம் கண்ணாடிக் கடையில் அந்தக் கண்ணால்தான் கடைசி வரி வரை படித்தேன். நீயோ பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிறாய். கண்ணாடியின்றி ஊசியில் நூல் கோத்துத் தருவதாக இப்போதும் பெருமையாக எழுதுகிறாய். உன் விழித்திரையை ஒருவரும் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

கார்த்திகை முதல் வாரம் வருகிறேன். சொட்டு விட்டபின் சில மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. ஆகவே பேருந்தில் போவோம். வைத்தியையும் அழைத்துக்கொள், அவனுக்கும் சர்க்கரை.

அன்புடன்,
சுந்தரம்