படத்தின் ஓரத்தில் தெரிந்த கை

அன்புள்ள தோழிக்கு,

நம் எழுத்துக் குழுவின் சென்ற கூடுகையில், படத்தைப் பார்த்து நீங்கள் எழுதிய பக்கத்தை வாசித்து முடித்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, "படம் பார்த்துக் கதை எழுதுவது சிறுபிள்ளைகளின் பயிற்சி, அதுகூட எனக்கு வரவில்லையே" என்று சொன்னீர்கள். அன்று பதில் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. இதே சோர்வோடு நம் குழுவில் வேறு சிலரும் இருப்பதால், உங்கள் சம்மதத்துடன் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அன்று நம் முன் இருந்தது பழைய கறுப்பு வெள்ளைக் குடும்பப் படம். நாற்காலிகளில் பெரியவர்கள், பின்வரிசையில் இளையவர்கள், தரையில் குழந்தைகள், அவர்களுள் அசைந்துவிட்டதால் முகம் கலங்கிப்போன ஒரு சிறுமி. உடை, நகை, நிற்கும் விதம் என எதையும் விடாமல் ஒவ்வொருவரையும் வரிசையாக எழுதியிருந்தீர்கள். படம் எல்லோருடைய கண்முன்னும் இருக்கையில் எழுத்தும் அதையே திரும்பச் சொன்னால், கேட்பவருக்குப் படமே போதும். ஆனால் உங்கள் கடைசி வரியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்: "இடது ஓரத்தில், நாற்காலியின் முதுகைப் பற்றியபடி ஒரு கை மட்டும் தெரிகிறது." அந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருந்தும் நான் அந்தக் கையைக் கண்டதே இல்லை. அது விலகிக்கொண்டவரின் கையா, விலக்கப்பட்டவரின் கையா?

பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் ஓவியர் புரூகலின் பெயரால் அறியப்படும் ஓர் ஓவியம் இருக்கிறது. கிரேக்கப் புராணத்தில் மெழுகில் ஒட்டிய சிறகுகளோடு சூரியனை நெருங்கிக் கடலில் விழுந்த இகாரசைப் பற்றியது அது. ஆனால் முன்னால் பெரிதாகத் தெரிபவன் ஏர் உழும் ஒருவன், இகாரசோ கீழே வலது ஓரத்தில் நீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள் மட்டுமே. 1938இல் கவிஞர் ஆடன் அதைப் பற்றி எழுதியபோது, ஒருவன் விழுந்து மடிகையில் உழவனும் கப்பலும் தம் போக்கில் போய்க்கொண்டிருப்பதைப் பற்றிக்கொண்டார். நீங்கள் கண்ட கையும் அந்தக் கால்களைப் போன்றதுதான்.

சிறுபிள்ளைகளின் பயிற்சி என்ற எண்ணத்தையும் தயவுசெய்து கைவிடுங்கள். 1930களில் ஹென்றி முர்ரேயும் கிறிஸ்டியானா மார்கனும் உருவாக்கிய உளவியல் சோதனையில் பெரியவர்களிடம்தான் படங்களைக் காட்டிக் கதை சொல்லச் சொன்னார்கள். பின்னர் 31 அட்டைகளாக வெளிவந்த அந்தத் தொகுப்பில் ஓர் அட்டை முழுவதும் வெறுமையானது. அதற்கும் கதை சொல்ல வேண்டும். கதை பார்ப்பவரிடமிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எடுத்தவர் யார், எந்த ஆண்டு என்பவற்றை வாசிப்பு முடியும்வரை நாம் மறைத்து வைப்பதும் இதனால்தான். தகவல் முந்திக்கொண்டால் அந்தக் கை வெறும் உறவினர் ஒருவரின் கையாகிவிடும்.

முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாதிருக்கச் சொல்வதை நீங்கள் அன்று பொருட்படுத்தவில்லை என்று நினைக்கிறேன். அடுத்த முறை அதை மட்டும் செய்து பாருங்கள். முகங்களை விட்டுவிட்டு அந்தக் கையிலிருந்து தொடங்குங்கள். படத்தின் பிரதி ஒன்றை உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். மூலப் படத்தின் பின்புறம் யாரோ பென்சிலால் எழுதிய இரண்டு வரிகள் உள்ளன. நீங்கள் வாசித்து முடித்த பிறகு அவற்றைக் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் குழுத் தோழி