கோடையில் பீரோவைத் திறந்துவிட்டவர்களுக்கு

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

மே மாதம் முழுக்க நம் பிள்ளைகள் கையில் கதைப் புத்தகம் இருந்ததென்றால் அதற்குப் பலர் காரணம். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே சொல்லிவிட்டார்கள். அதனால் ஆளைச் சொல்லாமல் செய்ததை மட்டும் சொல்கிறோம்.

முதல் நன்றி தலைமையாசிரியர் அம்மாவுக்கு. பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் வந்த புத்தகங்கள் பள்ளியில் இருக்கின்றன. நுழை, நட, ஓடு, பற என்று பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கேற்ப நான்கு படிகள். லீவு விட்டால் அவை பீரோவுக்குள் போய்விடும். யாரையும் குறை சொல்ல முடியாது. பதிவேட்டில் ஒரு புத்தகம் குறைந்தாலும் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும். அது தெரிந்தும் அம்மா சாவியைக் கொடுத்தார்கள். “கிழிஞ்சா ஒட்டிக்கலாம். படிக்காம பூச்சி அரிச்சா என்ன பண்றது?” என்றார்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து நூலக விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அம்மா அதைத்தான் நம்மூர்ப் பேச்சில் சொன்னார்கள்.

கிளை நூலகத்து நூலகர் சாருக்கும் நன்றி. காப்புத்தொகை கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்குத் தன் கையிலிருந்து கட்டி உறுப்பினராக்கினார். அதை எங்களிடம்கூடச் சொல்லவில்லை, ரசீதுக் கட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம்.

அப்புறம் குட்டியானை வண்டி ஓட்டும் அண்ணன். பருத்தி மூட்டை ஏற்றப் போகும் வழியில் புத்தகப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக இறக்கினார். டீசலுக்குக் காசு கொடுத்தால் கோபம் வந்துவிடும். “பேய்க்கதை ரெண்டு, யானைக்கதை ஒண்ணு” என்று யார் கேட்டதையும் போனில் பேசிப் பதிவு செய்து எங்களுக்கு அனுப்புவார். மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் கனகசபைப் பிள்ளை 1931இல் மாட்டு வண்டியில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்தவர். அந்த வண்டி ஓடிய வட்டாரம்தானே இது! அண்ணனிடம் சொன்னபோது, “அவரு மாட்டுக்குத் தீனியாச்சும் போட்டிருப்பாரு” என்று சிரித்தார்.

பருத்தி எடுக்கப் போய்விட்டு வந்த களைப்போடு சாயங்காலம் கோயில் மண்டபத்தைக் கூட்டிக் கொடுத்த அக்காமார்களுக்கு எப்படி நன்றி சொல்வது? மின்விசிறி இரவல் தந்த தையல் கடைக்கும், மோர்ப் பானையை ஒருநாளும் காலியாக விடாத மேலத்தெரு வீட்டுக்கும் கும்பிடு.

ஒரு அப்பாயியைச் சொல்லாமல் விட முடியாது. எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் தினமும் அவருக்குச் சத்தமாக வாசிக்க வேண்டும் என்று ஏற்பாடு. ஒருநாள் விளையாடப் போகும் அவசரத்தில் பையன் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். “நில்லுடா, நரி கெணத்துக்குள்ளல்ல கெடந்துச்சு? அது எப்ப ஏறுச்சு?” என்று பிடித்துவிட்டார். மறுபடி முதலிலிருந்து வாசிக்க வேண்டியதாயிற்று. எந்தப் பரீட்சை வைத்திருந்தாலும் அவ்வளவு கவனமாகக் கேட்டிருக்க மாட்டோம். பரிசு, சான்றிதழ், ‘கதையைச் சுருக்கி எழுது’ எதுவும் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே அடித்துச் சொன்ன ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயாவுக்கு அதனால் தனி நன்றி. நாங்கள் போட்டி வைக்கலாம் என்றுதான் இருந்தோம்.

பள்ளி திறந்தாயிற்று. சில புத்தகங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன. அட்டை போயிருந்தாலும் சரி, தம்பி தங்கை கிறுக்கியிருந்தாலும் சரி, அப்படியே பள்ளியில் கொடுத்துவிடுங்கள். பதிவேட்டில் அம்மா டிக் அடிக்க வேண்டும். வாசித்து முடிக்காத பிள்ளைகள் அங்கேயே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், கேட்டுவிட்டோம்.

நன்றியுடன்,
கோடை வாசிப்புக்காகச் சேர்ந்த ஊர்ப் பிள்ளைகள்