லைப்சிக்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள கயல்விழிக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

நாங்கள் நலம். கிழக்கு ஜெர்மனிக்காரரான உன் வீட்டுக்கார அம்மையார், "நாங்கள் இணையவில்லை, எங்களைச் சேர்த்துக்கொண்டார்கள்" என்று சொன்னதாகவும், இரண்டு ஜெர்மனிகளும் ஒன்றானதை 'அமைதியான மறுஇணைப்பு' என்றே படித்த உனக்கு அது குழப்பமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாய். முப்பது வருடம் வரலாறு நடத்தியவன், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்.

அவர் சொல்வது சட்டப்படியே சரி. மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருந்தன: 146-ஆம் பிரிவின்படி ஜெர்மானியர் அனைவரும் கூடிப் புதிய அரசியலமைப்பு ஒன்றை இயற்றிக்கொள்ளலாம், 23-ஆம் பிரிவின்படி கிழக்கு, ஏற்கெனவே இருக்கிற சட்டத்தின் கீழ் வந்து சேரலாம். 1990 அக்டோபர் 3 அன்று நடந்தது இரண்டாவது. அதற்கு மூன்று மாதம் முன்பே, ஜூலை 1 அன்று, மேற்கின் நாணயமான மார்க் கிழக்குக்கு வந்துவிட்டது. சம்பளமும் ஒரு வரம்புவரை சேமிப்பும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றித் தரப்பட்டபோது மக்களுக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கக் கிழக்கின் ஆலைகளால் முடியவில்லை. சுமார் 40 லட்சம் பேர் வேலை பார்த்த அரசு நிறுவனங்கள் 'டிரொய்ஹான்ட்' என்ற அமைப்பின் கைக்குப் போய், விற்கப்பட்டன அல்லது மூடப்பட்டன. மேற்கில் இருந்தவருக்கு வரி கூடியது. கிழக்கில் இருந்தவருக்கு வாழ்க்கையே மாறியது.

அப்படியானால் அந்த 'அமைதி' யாருடையது? என் கணக்கில் அது கிழக்கின் மக்களுக்கு, அதிலும் உன் ஊர்க்காரர்களுக்குச் சேர வேண்டியது. நீ டிராமில் சுற்றிவரும் அந்த வட்டச் சாலையில்தான் 1989 அக்டோபர் 9, திங்கட்கிழமை மாலை, சுமார் 70,000 பேர் கிழக்கின் கம்யூனிஸ்ட் அரசை எதிர்த்து நடந்தார்கள். சீனாவில் போராடியவர்களை ராணுவம் சுட்ட தியானன்மென் படுகொலை நடந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது; அதைச் சரியென்று சொன்ன அரசு அவர்களுடையது. சுடக்கூடும் என்று தெரிந்தேதான், நிக்கோலாய் தேவாலயத்தின் ஐந்து மணிப் பிரார்த்தனை முடிந்து, மெழுகுவத்தியோடு வெளியே வந்தார்கள். மெழுகுவத்தியை ஒரு கை பிடிக்கும், மறு கை காற்றுக்கு மறைக்கும். கல்லெடுக்க மூன்றாவது கை ஏது? இசை நடத்துநர் கூர்ட் மசூரும், ஆளும் கட்சியின் மாவட்டச் செயலாளர்கள் மூவரும், வேறு இருவரும் சேர்ந்து விடுத்த அமைதி வேண்டுகோள் ஊர் ஒலிபெருக்கிகளில் ஒலித்தது. ஒரு துப்பாக்கியும் வெடிக்கவில்லை.

பெர்லின் சுவர் திறந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து, நவம்பர் 9 அன்று. அன்றைய செய்தியாளர் கூட்டத்தில் கிழக்கின் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி, எல்லை தாண்டும் புதிய பயண விதி உடனே அமலாகிறது என்று தவறாக அறிவித்த கதை உனக்குத் தெரிந்ததே. உலகம் அந்த இரவைத்தான் கொண்டாடுகிறது. எனக்கென்னவோ அந்தத் திங்கட்கிழமை இல்லாமல் அந்த இரவு இல்லை என்றே படுகிறது.

முதலில் அவர்கள் முழங்கியது "நாங்களே மக்கள்". சில வாரங்களில் அது "நாம் ஒரே மக்கள்" என்றானது. ஜெர்மன் மொழியில் மாறியது ஒரே ஒரு சிறு சொல். முதல் முழக்கம் அரசை நோக்கியது. இரண்டாவது மேற்கை நோக்கியது. உன் அம்மையாரின் வருத்தம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறது.

தேவாலயத்துக்குள் தூண்களின் தலை பனையோலைபோல் விரிந்திருக்கும். அதே மாதிரித் தூண் ஒன்று, எழுந்து வந்ததுபோல், வெளியே சதுக்கத்திலும் நிற்கிறது. ஒரு மாலை அவரை அங்கே அழைத்துப் போ. அந்தத் திங்கட்கிழமை அவர் எங்கே இருந்தார் என்று கேட்டு, அவர் சொன்னபடியே எனக்கு எழுது.

அன்புடன்,
அப்பா