சபை வரலாறு எழுதப்போகும் தம்பிக்கு

கர்த்தருக்குள் அன்பான தம்பிக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டுவிழா மலருக்குச் சபை வரலாறு எழுதும் பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறார்கள். நீங்களும் முதல் காரியமாகக் கோயில் வாசலில் உள்ள கல்வெட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். படம் நன்றாகவே இருக்கிறது. ஆனால் வரலாற்றை அந்தக் கல்லிலிருந்து தொடங்காதீர்கள். கல் கோயிலின் வயதைச் சொல்லும், சபையின் வயது அதற்குத் தெரியாது.

டேனிஷ்காரர்கள் ஆண்ட தரங்கம்பாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கும் புது எருசலேம் கோயில் 1718 அக்டோபர் 11 அன்று பிரதிஷ்டை செய்யப்பட்டது. முதல் லுத்தரன் மிஷனரிகளான சீகன்பால்க்கும் புளூச்சாவும் அங்கே கரையிறங்கியது 1706 ஜூலை 9. அடுத்த ஆண்டு மே 12 அன்று, டேனிஷ்காரர்களின் சீயோன் கோயிலில் ஐந்து பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஐவரும் ஐரோப்பியர் வீடுகளில் இருந்த அடிமைகள். முதல் புது எருசலேம் கோயில் அந்த ஆகஸ்டில்தான் எழுந்தது. கல்லை நம்பி எழுதினால் பதினோரு ஆண்டுகள் போய்விடும், கூடவே அந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள். நம் மலர்களில் அவர்களுக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது. மிஷனரிகளை அனுப்பிய டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக்குக்கோ ஒரு பக்கம் கிடைத்துவிடுகிறது.

ஆகவே பெட்டகத்தைத் திறந்து பதிவேடுகளை எடுங்கள். ஞானஸ்நானம், திடப்படுத்தல், திருவிருந்து, திருமணம், அடக்கம் ஆகியவற்றின் பதிவேடுகள், குடும்ப அட்டவணை, சபைச் சங்கக் குறிப்பேடு, இவை கிடைத்தால் போதும். ஓலை வாசித்த பதிவு, அதாவது திருமண அறிவிப்பைக் கோயிலில் வாசித்த பதிவு, தனியாக இருந்தால் அதையும் விடாதீர்கள். பெண் எந்த ஊரிலிருந்து வந்தாள் என்பது பல நேரம் அதில் மட்டும்தான் இருக்கும்.

புரட்டுவதற்கு முன் படமெடுங்கள். பழைய மை இரும்புச் சத்துள்ளது. எழுத்து இருக்கும் இடத்திலேயே தாளை அரித்து ஓட்டையாக்கும். அந்தப் பக்கத்தை இரண்டு முறைக்கு மேல் திருப்பக் கூடாது. ஃபிளாஷ் வேண்டாம், இருபுறமும் சாய்வாக வெளிச்சம் விழட்டும். அட்டையிலிருந்து வெற்றுப் பக்கம்வரை வரிசையாக எடுங்கள். வெற்றுப் பக்கத்தை விட்டால், பிறகு எந்தப் பக்கம் கிழிந்துபோனது, எது எழுதப்படாமலே இருந்தது என்று பிரித்தறிய முடியாது. கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் அறவே வேண்டாம். ராமபாணப் பூச்சி விட்டுவைத்ததை டேப்பின் பசை தின்றுவிடும். ஈரம் தட்டியிருந்தால் மின்விசிறிக் காற்று போதும், வெயிலில் காயப்போடக் கூடாது.

பிறகு எண்ணத் தொடங்குங்கள். ஆண்டுவாரியாக ஞானஸ்நானங்களை எண்ணும்போது குழந்தைகளையும் பெரியவர்களையும் தனித்தனியாக எண்ணுங்கள். குழந்தைகள் எண்ணிக்கை சபை எப்படிப் பிழைத்தது என்று காட்டும், பெரியவர்கள் எண்ணிக்கை எப்படி வளர்ந்தது என்று காட்டும். 1876 முதல் 1878 வரை, தாது வருஷப் பஞ்சத்தின்போது, பெரியவர்கள் எண்ணிக்கை திடீரென உயர்ந்திருந்தால் அதை எழுப்புதல் (ஆவிக்குரிய விழிப்பு) என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கஞ்சித் தொட்டியும் பதிவேட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த காலம் அது. அடக்கப் பதிவேட்டின் அதே ஆண்டுகளையும் அருகில் வைத்துப் பாருங்கள். இன்னொன்று: வேறு சபையிலிருந்து கடிதத்தோடு குடிவந்தவர்கள் ஞானஸ்நானப் பதிவேட்டில் வரமாட்டார்கள். அவர்களைக் குடும்ப அட்டவணையில்தான் பிடிக்க முடியும்.

தேதிகளில் இரண்டு பொறிகள் உண்டு. டென்மார்க் 1700இலேயே புதிய நாட்காட்டிக்கு மாறிவிட்டது, இங்கிலாந்து 1752 செப்டம்பரில்தான் மாறியது. இடைப்பட்ட காலத்தில் தரங்கம்பாடித் தேதிக்கும் ஆங்கிலேயர் தேதிக்கும் 11 நாள் வித்தியாசம். போதாததற்கு ஆங்கிலேயருக்கு அப்போது ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. சீகன்பால்க் இறந்தது 1719 பிப்ரவரி 23. ஆங்கிலக் கணக்கில் அதே நாள் 1718 பிப்ரவரி 12. இரண்டு தாள்கள் முரண்படுகின்றன என்று பதறுவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது, தமிழ் வருஷப் பெயர். கல்லறையில் 'தாது' என்று மட்டும் இருந்தால் அது 1816ஆ, 1876ஆ, 1936ஆ என்பதை எழுத்தின் வடிவத்தையும் பக்கத்துக் கல்லறைகளையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் பெட்டகத்தில் 1850க்கு முந்தைய ஏடு இல்லை என்றால் தொலைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். தஞ்சாவூர், திருச்சி, திருநெல்வேலிப் பக்கத்து லுத்தரன் மிஷனரிகளின் சபைகள் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலிக்கன் சங்கத்தின் கைக்குப் போயின, 1947இல் தென்னிந்தியத் திருச்சபைக்குள் (சி.எஸ்.ஐ.) வந்தன. தஞ்சையில் ஊழியம் செய்த லுத்தரன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் கல்லறையே தஞ்சைத் தூய பேதுரு கோயிலில் சி.எஸ்.ஐ. பராமரிப்பில்தான் இருக்கிறது. பக்கத்து சி.எஸ்.ஐ. கோயிலில் கேட்டுப் பாருங்கள். திருமணப் பதிவு மட்டும் இல்லையென்றால், 1872ஆம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின்படி அரசுக்கு நகல் போயிருக்க வாய்ப்புண்டு. இன்னும் பின்னே போக வேண்டுமானால் எழும்பூர் ஆவணக் காப்பகம், கீழ்ப்பாக்கம் குருக்குல் லுத்தரன் இறையியல் கல்லூரி நூலகம், தரங்கம்பாடி மிஷன் ஆவணங்கள் உள்ள ஜெர்மனியின் ஹாலே நகர ஃபிராங்கே நிறுவனக் காப்பகம் ஆகியவை இருக்கின்றன. ஹாலேக்கு எழுதும்போது ஊர்ப் பெயரை அவர்கள் எழுத்தில் கேட்க வேண்டும். அங்கே தரங்கம்பாடி 'டிராங்கேபார்' என்றுதான் இருக்கும்.

அடுத்தது குருமார் பட்டியல். எல்லா மலரிலும் வரும் பகுதி, எல்லா மலரிலும் தவறும் பகுதி. முதல் தமிழ்க் குரு ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733 டிசம்பர் 28. அடுத்தவர் தியோகு, 1741இல். குருமார் இவ்வளவு சிலர்தான் என்றால் கிராமச் சபைகளை அன்றாடம் நடத்தியது யார்? குருப்பட்டம் பெறாமல் போதித்த உபதேசியார்கள். உங்கள் பட்டியல் அவர்களிடமிருந்து தொடங்கட்டும். பிறகு 1841இல் ஜெர்மன் மிஷனரி கோர்டெஸ் வந்தார். அவரை அனுப்பியது ஜெர்மனியின் ட்ரெஸ்டன் மிஷன் சங்கம். 1848இல் இடம் மாறிய பிறகே அது லைப்சிக் மிஷன் ஆனது. 1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் வெளியேற்றப்பட்டு, சுவீடன் மிஷன் பொறுப்பேற்றது. 1917இல் ஜெர்மன் ஐயர் (மிஷனரி) ஒருவர் நடத்திய ஆராதனை பற்றி யாராவது சொன்னால் அவர் சுவீடன்காரராக இருந்திருப்பார். தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது 1919 ஜனவரி 14. முதல் பேராயர் சுவீடன்காரரான ஹேமன், 1921இல். இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்கு வர 1956 ஆயிற்று: ராஜா மாணிக்கம்.

சாதியைப் பற்றி எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். எழுதித்தான் ஆக வேண்டும். தரங்கம்பாடியில் கோயிலுக்குள்ளேயே தனித்தனி இருக்கைகள் இருந்தன. 1833இல் ஆங்கிலிக்கன் அத்தியட்சர் வில்சன் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டதும், அதை ஏற்காத வேளாளக் குடும்பங்கள் பல பின்னர் லைப்சிக் பக்கம் வந்தன. அந்த ஆண்டுகளில் உங்கள் சபை திடீரென்று பெருகியிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். குறிப்பேட்டில் 'இருக்கை', 'கிண்ணம்', 'கல்லறைத் தோட்டம்' என்ற சொற்கள் வரும் தீர்மானங்களை எல்லாம் தனியாகக் குறித்து வையுங்கள். மலர்க்குழு நீக்கச் சொன்னாலும் உங்கள் மூலப் பிரதியில் அது இருக்கட்டும்.

படங்களின் நகலை மூன்று இடத்தில் வையுங்கள்: சபை அலுவலகம், பேராய அலுவலகம், உங்கள் வீடு. பெட்டகத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இந்த ஞாயிறே கேட்டு எழுதுங்கள்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் அண்ணன்