வெள்ளித் தண்ணீர் காய்ச்சும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் உன் பின்னால் சமையல் மேடையில் ஒரு கறுப்புப் பெட்டி தெரிந்தது. என்னவென்று கேட்டதற்குச் சிரித்து மழுப்பினாய். அப்புறம் மருமகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவளைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் விடாமல் கேட்டேன். நியான் போர்டு ட்ரான்ஸ்பார்மர், காய்ச்சி வடித்த தண்ணீர், இரண்டு வெள்ளிக் கம்பி. கரண்ட் விட்டுக் கம்பியின் வெள்ளியைத் தண்ணீரில் இறக்கி, சளிக்குக் குடிக்க வெள்ளித் தண்ணீர் தயாராகிறதாம்.

9 வோல்ட் பேட்டரி மூன்றைக் கோத்து இதைச் செய்பவர்கள் உண்டு. நீ வாங்கியிருப்பது 15,000 வோல்ட். கம்பி நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே பொறி பறக்கும், பார்க்க அழகாகத்தான் இருக்கும். கடைகளுக்கு நியான் போர்டு மாட்டி, அந்தப் பெட்டியை நம்பி முப்பது வருஷம் சோறு சாப்பிட்டவன் நான்.

வீட்டில் ஆர்சிடி, அதாவது கரண்ட் கசிந்தால் வெட்டும் சுவிட்ச், இருக்கிறது, ஷாக் அடித்தால் கட்டாகிவிடும் என்று மருமகளிடம் சொன்னாயாம். இங்கே நம் வீட்டில் ஆர்சிசிபி என்கிறோமே, அதேதான். லைவில் போன கரண்ட் நியூட்ரலில் முழுசாகத் திரும்புகிறதா என்று மட்டும் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் வெட்டிவிடும். ஆனால் ட்ரான்ஸ்பார்மருக்குள் இரண்டு சுருளும் தனித்தனி: முதலாவது வீட்டு லைனோடு, இரண்டாவது உன் வெள்ளிக் கம்பிகளோடு. இரண்டாவது சுருளின் கரண்ட் உன் நெஞ்சு வழியாகப் போனாலும், முதல் சுருளில் போனதும் வந்ததும் சரியாகவே இருக்கும். ஆர்சிடிக்கு ஒன்றும் தெரியாது.

1988 தீபாவளிக்கு முன்பு சிராங்கூன் சாலையில் ஒரு துணிக்கடை போர்டு. சுவிட்சை அணைத்தாயிற்று என்றார்கள், நான் டெஸ்ட் பண்ணாமல் கை வைத்தேன். ஏணியிலிருந்து விழுந்தது மட்டும் நினைவிருக்கிறது. கடையில் எந்த சுவிட்சும் ட்ரிப் ஆகவில்லை. கீழே கிடந்து பார்க்கிறேன், எழுத்துகள் பாட்டுக்கு எரிகின்றன. சின்ன வயதில் என் உள்ளங்கை வடுவைத் தொட்டுத் தொட்டுக் கேட்பாயே, அதுதான். ஏணி வழுக்கியது என்று உன்னிடம் பொய் சொன்னேன்.

அந்தப் புண்ணுக்கு டாக்டர் கொடுத்த வெள்ளை க்ரீமிலும் வெள்ளி இருந்தது, சில்வர் சல்ஃபாடையாசின். அது மேலே தடவுவதற்கு. தொடர்ந்து குடித்தால் வெள்ளி தோலில் தங்கிவிடும், வெயில் பட்டால் பழைய போட்டோ ஃபிலிம் மாதிரிக் கறுக்கும். முகம் நீலச் சாம்பலாகும், பிறகு மாறாது. ஆர்ஜீரியா என்பார்கள். உன் கிளாஸில் எவ்வளவு வெள்ளி கரைந்திருக்கிறது என்று அளக்க உன்னிடம் என்ன இருக்கிறது? கடையில் விற்கும் வெள்ளி மருந்தையே, பாதுகாப்பானது, பலன் தருவது என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999-லேயே சொல்லிவிட்டது.

உன் அம்மா வேறு, "வெள்ளிப் பாலாடையில் பால் குடித்து வளர்ந்த பிள்ளைதானே" என்று உனக்குப் பரிந்து பேசுகிறாள். பாலாடையை நீ கரைத்துக் குடிக்கவில்லை என்றேன். இரண்டு நாளாகப் பேச்சில்லை.

சளி விடவில்லை என்றால் டாக்டரைப் பார். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, வயரை வெட்டிவிட்டு எனக்கு ஒரு படம் அனுப்பு. கம்பிகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. 99.99 என்றால் நல்ல வெள்ளி. பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, கொஞ்சம் செம்பு சேர்த்துப் பாப்பாவுக்குக் கொலுசு அடிக்கச் சொல்லலாம். கால் அளவை மருமகளிடம் கேட்டு எழுது.

அன்புடன்,
அப்பா
ஈசூன், சிங்கப்பூர்