20 கொண்டை ஊசி வளைவு, ஒரு சொட்டு ரத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஏற்காடு வட்டம், நாகலூர்க்காரி. அங்கன்வாடியில் 31 வருடம் பிள்ளைகளுக்கு எடை போட்டு ஓய்வு பெற்றவள். ஒரு ரத்தச் சோதனைக்காக நான் மாதா மாதம் மலை இறங்கும் பாட்டைச் சொல்லி, அதை மலைமேலேயே செய்ய வழி கேட்கத்தான் இந்தக் கடிதம். 2022-ல் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே மயங்கி விழுந்தேன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 34 தான் இருந்ததாம். சேலத்தில், இதயத்தைச் சீராகத் துடிக்க வைக்கும் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இடது காறை எலும்புக்குக் கீழே, தோலுக்கு அடியில், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. அதன்பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்றுவரை ஒழுங்காக வேலை செய்கிறது.

வினை அதன் வயரில் இருந்து வந்தது. ஐந்தாவது மாதம் இடது கை கனத்தது, ரவிக்கைக் கை இறுகியது. தண்ணீர்க் குடம் தூக்கியதில் பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்தேன். காட்டிய இடத்திலும் சதைப்பிடிப்பு என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். நான்காம் நாள் கை நீலம் பாரித்து, கண்ணாடி வளையல்கள் சதைக்குள் புதைந்தன. சோப்பு போட்டும் கழலவில்லை. ஒவ்வொன்றாக உடைத்துத்தான் எடுத்தோம். உடைத்தவர் என் வீட்டுக்காரர். அவர் குத்துக்கல்லாட்டம் எதிரே உட்கார்ந்து என் வளையலை உடைக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மறுபடி சேலம். டாப்ளர் ஸ்கேனில், காறை எலும்புக்கு அடியில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டி அடைத்திருப்பது தெரிந்தது. பேஸ்மேக்கர் வயர் அந்தக் குழாய் வழியாகத்தான் இதயத்துக்குப் போகிறது. வயர் உள்சுவரில் உரசிக்கொண்டே இருக்கும், ரத்த ஓட்டமும் அந்த இடத்தில் மந்தப்படும், சிலருக்கு அங்கே ரத்தம் உறைந்துவிடும் என்று டாக்டர் விளக்கினார். பலருக்குப் பக்கத்துக் குழாய்கள் பெருத்து வழி விடுவதால் வெளியே தெரிவதே இல்லையாம். என் தோளிலும் இப்போது நீல நரம்புகள் கொடி மாதிரி படர்ந்திருக்கின்றன. பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அந்தப் பக்கத்துக் கை வீங்கினால் தைலத்தைத் தேடாதீர்கள்.

அன்றிலிருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை. நடுவில் ஒருமுறை நிறுத்திப் பார்த்தார்கள், கை திரும்ப வீங்கியது, மறுபடி தொடங்கிவிட்டார்கள். பேரன் போனில் தேடிப் பார்த்து, "ஆயா, இது எலி மருந்தாம்" என்றான். பொய்யில்லை. 1948-ல் எலியைக் கொல்ல விற்பனைக்கு வந்த சரக்கு, 1954-ல் மனிதருக்கும் மருந்தானது. அளவு கூடினால் ரத்தம் நிற்காது, குறைந்தால் கட்டும். அதனால்தான், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் சோதனை. மருந்து சாப்பிடாதவர்களுக்கு அந்த அளவு சுமார் 1 இருக்கும், எனக்கு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

அது சொன்ன பேச்சு கேட்காது. ஒருமுறை பல்வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்கிப் போட்டேன். மூன்றாம் நாள் ஈறில் ரத்தம், ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டியிருந்தது. கீரையும் அப்படித்தான், அதில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைத்துவிடும். அடியோடு விட வேண்டாம், வாரா வாரம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர். முருங்கைக்கீரை சாப்பிடு, சாப்பிடு என்று 31 வருடம் ஊர்ப்பெண்களை விரட்டியவள், இப்போது கைப்பிடியால் அளந்து உருவுகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்தச் சோதனைக்காக மாதம் ஒருமுறை, அளவு தடுமாறினால் வாரம் ஒருமுறை, நான் மலை இறங்க வேண்டும். காலை முதல் பஸ், 20 கொண்டை ஊசி வளைவு, எனக்கோ 12-ஆவது வளைவிலேயே குமட்டும். ரத்தம் கொடுத்து, மத்தியானம்வரை முடிவுக்குக் காத்திருந்து, மாத்திரை அளவைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்ப இருட்டிவிடும். துணைக்கு வரும் மகனுக்கு எஸ்டேட்டில் ஒருநாள் கூலி போகும். மே மாதம் கோடை விழா வந்தால் பஸ்ஸில் நிற்கவும் இடமிருக்காது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது, என் சோதனை ஒன்பது நாள் தள்ளிப்போனது. அந்த ஒன்பது நாளும் ராத்திரி விளக்கைப் போட்டுப் போட்டுக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சர்க்கரை பார்ப்பதுபோல விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தில் சில நிமிடத்தில் ஐஎன்ஆர் சொல்லும் கையடக்க மெஷின் இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. அந்த அரசால் மலைமேல் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குத் தலா ஒரு மெஷினும் அதற்கு வேண்டிய ஸ்ட்ரிப்பும் கொடுக்க முடியாதா? அளவை போனில் சேலம் டாக்டரிடம் சொன்னால், மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று அவர் சொல்லிவிடப் போகிறார். ரத்தம் உறையாமல் தடுக்க இப்போது வந்திருக்கும் புது மாத்திரைகளுக்கு இந்தச் சோதனையே வேண்டாம் என்பதும் எனக்குத் தெரியும். என் சிறுநீரகம் பழுதானதால் எனக்கு அவை ஒத்துவராது என்று சொல்லிவிட்டார்கள்.

எனக்காக மட்டும் கேட்கவில்லை. மஞ்சக்குட்டையில் இருந்து ஒரு தம்பி இதே பஸ்ஸில் வருவார். இதயத்தில் உலோக வால்வு வைத்தவர், வயது 30-தான். அவருக்கு ஆயுசுக்கும் இந்த மாத்திரை, இந்தச் சோதனை. வரும் திங்கட்கிழமையும் நாங்கள் இரண்டு பேரும் இறங்குகிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடி பணியாளர்,
நாகலூர், ஏற்காடு.