‘வேணுமா’ என்று சொல்லும் குழந்தை பதில்தான் சொல்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

“தண்ணி வேணுமா?” என்று கேட்டால் “தண்ணி வேணுமா” என்றே திருப்பிச் சொல்லும் குழந்தைக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் அதட்டல்தான் கிடைக்கிறது: “கிளிப்பிள்ளை மாதிரி சொல்லாதே, ஒழுங்கா பதில் சொல்லு.” அது பதில்தான் சொல்லியிருக்கிறது. ‘ஆமாம், வேணும்’ என்பதற்கு அதனிடம் இருக்கும் வாக்கியம் அது ஒன்றுதான். ஆட்டிசத்தை 1943-இல் விரிவாக எழுதிய மனநல மருத்துவர் லியோ கேனரே, கேள்வியைத் திருப்பிச் சொல்வது அக்குழந்தைகள் ‘ஆம்’ சொல்லும் வழி என்று குறித்திருக்கிறார். 1981-இல் பேச்சு, மொழி ஆய்வாளர்களான பாரி பிரிசன்ட், ஜூடித் டுக்கன் இருவரும் இந்த எதிரொலிப் பேச்சுக்கு ஏழு விதப் பயன்களைப் பிரித்துக் காட்டினார்கள். கேட்பது, ஒப்புக்கொள்வது, தன் செயலைத் தானே நெறிப்படுத்திக்கொள்வது எல்லாம் அதில் உண்டு.

பேசக் கற்கும் எல்லாக் குழந்தைகளும் கொஞ்ச காலம் இப்படிச் சொல்வதுண்டு. இரண்டரை, மூன்று வயதுக்குள் அது குறைந்து சொந்த வாக்கியங்கள் வரவேண்டும். எதிரொலித்தாலே ஆட்டிசம் என்றும் பயப்பட வேண்டாம். மொழி தாமதமாக வரும் குழந்தைகளிடமும் பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகளிடமும் இது காணப்படும்.

வீட்டில் மாற்ற வேண்டியது நம் கேள்விகளை. தமிழில் ‘வேணும்’ என்பதற்கும் ‘வேணுமா’ என்பதற்கும் ஒரு ‘ஆ’தான் வித்தியாசம். ‘வந்துட்டியா’ என்றால் சிக்கல் இன்னும் அதிகம். பதிலில் வினைமுற்றே ‘வந்துட்டேன்’ என்று மாறிவிடுகிறது. அதனால்தான் அங்கன்வாடியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போதே “வந்துட்டியா, வந்துட்டியா” என்று சொல்லிக்கொண்டு வருகிற குழந்தைகள் இருக்கிறார்கள். திருப்பிச் சொல்வதுதான் இக்குழந்தைகளின் பலம். எதைத் திருப்பிச் சொன்னால் சரியாக இருக்குமோ அதையே காதில் போடுங்கள்.

குழந்தையின் கண்மட்டத்துக்கு இறங்கி உட்காருங்கள். டம்ளரைக் காட்டி, குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தையே, “தண்ணி வேணும்” என்று, மெதுவாக ஒரே தடவை சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்காமல் மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தப் பத்துதான் கடினம். நாலு எண்ணுவதற்குள் பாட்டியோ அத்தையோ “சொல்லு கண்ணு, தண்ணி சொல்லு” என்று ஆரம்பித்துவிடுவார்கள்; குழந்தையும் “சொல்லு கண்ணு, தண்ணி சொல்லு” என்று அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளும். ‘சொல்லு’ என்ற சொல்லை வீட்டில் இருக்கும் எல்லோருமே விட வேண்டும். குழந்தை பாதி வார்த்தை சொன்னாலும், கையை நீட்டினாலும், உடனே கொடுத்துவிடுங்கள். முழுசாகச் சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைத்தால், தண்ணீருக்கு அழத்தான் பழகும்.

எப்போதோ கேட்டதை எடுத்துச் சொல்வது இன்னொரு வகை. “பயணிகளின் கனிவான கவனத்திற்கு” என்று ஒரு குழந்தை நடுக்கூடத்தில் நின்று சொன்னால், மயிலாடுதுறை ஜங்ஷனில் ரயில் ஏறிய நாளின் சந்தோஷத்தையோ ‘வெளியே போகலாம்’ என்பதையோ அது சொல்லக்கூடும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள்: என்ன சொன்னது, அதை எங்கே கேட்டிருக்கும், சொல்வதற்கு முன் என்ன நடந்தது, பிறகு எது கிடைத்ததும் அடங்கியது. நடவு நேரத்தில் பாட்டியிடம்தான் குழந்தை இருக்கும் என்றால் அவரிடமும் கேட்டு எழுதுங்கள். பொருள் பிடிபட்டதும் அந்த இடத்தில் “வெளிய போகலாம்” என்று நீங்கள் சொல்லிக் கூட்டிப் போகலாம்.

பேச்சே குறைவாக உள்ள குழந்தைக்குப் படம் உதவும். வீட்டு டம்ளரையே போட்டோ எடுத்து அட்டையில் ஒட்டுங்கள். ஒருவர் எதிரே உட்கார வேண்டும். இன்னொருவர் பின்னாலிருந்து குழந்தையின் கையைப் பிடித்து அட்டையைக் கொடுக்க வைக்க வேண்டும். அட்டை வந்த நொடியே தண்ணீர் கைக்குப் போகவேண்டும். “இது என்ன?” என்று அட்டையைக் காட்டிப் பரீட்சை வைக்கும் வீடுகளில் இது படுத்துவிடுகிறது. படம் பழகினால் பேச்சு வராது என்பது தவறு.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாதது, ஒன்றரை வயதிலும் விரலால் சுட்டிக் காட்டாதது, இரண்டு வயதில் இரண்டு வார்த்தை சேர்க்காதது, வந்த பேச்சு நின்றுபோவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் “ஆம்பளப் பிள்ளை லேட்டாதான் பேசும்” என்று காத்திருக்காதீர்கள். முதலில் காது. சத்தத்துக்குத் திரும்புகிறதே என்று விட்டுவிடக் கூடாது. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் தட்டைத் தட்டினால் திரும்பும், பேச்சு தெளிவாகக் கேட்காது. வசம்பை உரசி நாக்கில் தடவுவதால் பேச்சு வராது. உள்ளே போனால் வாந்தி எடுக்கலாம். கூத்தனூர் சரஸ்வதியை வேண்டிக்கொள்ளுங்கள், அதே வாரம் காதுப் பரிசோதனைக்கும் போங்கள்.

2013 முதல் நடக்கும் ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்திய அரசின் குழந்தைகள் உடல்நலத் திட்டத்தில் அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வளர்ச்சித் தாமதமும் உண்டு. சந்தேகம் இருந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அங்கே கட்டணம் இல்லை.

டெல்டா மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கன்வாடிப் பணியாளர்களின் மாதாந்திரக் கூட்டத்தில், எதிரொலிப் பேச்சை அடையாளம் காணவும் மேலே சொன்ன பத்து எண்ணிக்கையைச் செய்து பழகவும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
பேச்சு, மொழிப் பயிற்சியாளர்கள்,
கும்பகோணம்.